மணற்கேணி தோண்டியாயிற்று, இறைக்கும் உரிமை யாருக்கு?

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில், பள்ளி மணி அடிக்கும்வரை வெளியிலேயே நின்று பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பிற்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும், உடன்படிக்கும் மாணவர்கள் நெருங்கி வந்து பேசுவதற்குள் வீட்டிற்கு விரைந்துவிடுவார். ஊர், உறவு, குடியிருப்பு என்று பேச்சு வளர்ந்தால் தம் சாதி தெரிந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். தன்வரலாற்றில் அவரே பதிவு செய்துள்ள செய்தி இது. பள்ளியின் கதவு அவருக்குத் திறந்திருந்தது. பாடநூலும் கையில் இருந்தது. ஆனால் வகுப்பறை அவருடையதாக இருக்கவில்லை.

அவர் பிறந்த கோழியாளம், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பகுதியில் உள்ளது. மதுராந்தகத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சென்னை நோக்கி வந்தால் செங்கல்பட்டையும் சிங்கப்பெருமாள் கோயிலையும் கடந்து மறைமலை நகரை அடையலாம். சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்கிறது. மகிழுந்து, சரக்குந்து, மோட்டார் சைக்கிள், டயர், கைப்பேசி என உலகச் சந்தைக்கான பொருள்கள் உருவாகும் தடம் இது. 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகள் ஸ்ரீபெரும்புதூரில் தயாராயின. ஐபோன்கள் இன்றும் இத்தடத்தில் பொருத்தப்படுகின்றன. அவற்றைப் பொருத்தும் விரல்களில் பெரும்பாலானவை இளம்பெண்களுடையவை.

மின்னணுக் கருவிகளை உலகிற்குச் செய்து தரும் இந்த மண்ணின் சேரிகளிலும் காலனிகளிலும் வாடகைக் குடியிருப்புகளிலும் வளரும் குழந்தைக்கு, அக்கருவிகள் கல்வியாக எவ்வளவு திரும்பி வருகின்றன? வகுப்பறைக்குள் வந்துவிட்ட காணொளி, திரை, செயலி ஆகியவை குறித்து நம் இயக்கங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. அதற்கு முன், இக்கருவிகள் கற்றலுக்கு எவ்வாறு உதவுகின்றன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

காட்சி எவ்வாறு கற்பிக்கிறது?

மனித மூளை சொல்லையும் காட்சியையும் வெவ்வேறு வழிகளில் உள்வாங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று துணைநிற்கும்போது நினைவு வலுப்பெறுகிறது என்று உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் விளக்கினார். அதன்பின் ரிச்சர்டு மேயர் பல்லூடகக் கற்றல் குறித்துப் பல்லாண்டுகள் ஆய்வு செய்து சில நெறிகளை வகுத்தார். அவற்றின் சாரம் எளிது: ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய செய்திகளுக்கு ஓர் அளவு உண்டு. தேவையற்ற இசை, அலங்காரம், ஓடும் எழுத்துகள் ஆகியவை அந்த அளவைத் தின்றுவிடுகின்றன. காட்சி ஓடும்போது அதை விளக்கும் குரல் போதும். அதே விளக்கம் எழுத்தாகவும் திரையில் ஓடினால் கற்பவரின் கவனம் சிதறுகிறது. நீண்ட காணொளியைச் சிறு பகுதிகளாக நிறுத்தி நிறுத்திக் காட்டினால் புரிதல் கூடுகிறது.

மின்மோட்டார் பாடத்தை எடுத்துக்கொள்வோம். காந்தப்புலத்தில் மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள் ஏன் சுழல்கிறது என்பதைக் கரும்பலகைப் படம் ஓரளவே சொல்லும். அசைவூட்டப் படம் அதைக் கண்முன் நிறுத்தும். ஆனால் படம் ஓடி முடிந்ததும் வகுப்பு முடிந்துவிட்டால், மாணவர்க்குக் கிடைப்பது பார்த்த திருப்தி மட்டுமே. சுருள் பாதி சுழன்ற இடத்தில் ஆசிரியர் படத்தை நிறுத்தி, "மின்னோட்டத்தின் திசை இப்போது மாறாவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்க வேண்டும். மாணவர்கள் ஊகித்து, விவாதித்து, தம் குறிப்பேட்டில் எழுதிய பிறகு படம் தொடர வேண்டும். கற்றல் அந்த இடைநிறுத்தத்தில்தான் நிகழ்கிறது. அந்த இடைநிறுத்தத்தில் எந்தக் குழந்தையிடம் கேள்வி கேட்கப்படுகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கருவி வந்தால் கல்வி வந்துவிடுமா?

வந்துவிடாது என்பதே உலக அனுபவம். பள்ளிகளில் கணினிக்குப் பெருமளவு செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்று பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2015இல் அறிக்கை வெளியிட்டது. பெரு நாட்டில் ஏழைக் குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்று அங்கு நடந்த ஆய்வு காட்டியது.

மாறான சான்றும் உண்டு. டெல்லியில் எளிய குடும்பங்களின் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடையே மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2019இல் வெளியாயின. ஏறத்தாழ நான்கரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. அம்மென்பொருள் மாணவர் எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது. அத்துடன் சிறு குழுக்களுக்குப் பாடம் சொல்லித்தரும் மனிதரும் அந்த மையத்தில் இருந்தார். எட்டாம் வகுப்பில் அமர்ந்து நான்காம் வகுப்புக் கணக்கில் திணறும் குழந்தைக்குத் தேவைப்படுவது, அது நிற்கும் இடத்திற்கு வந்து கைகொடுக்கும் ஏற்பாடு. எட்டாம் வகுப்புப் பாடத்தையே வண்ணத்தில் காட்டுவதால் அதன் திணறல் தீராது.

பெருந்தொற்றுக் காலம் இதை நமக்கு மிகக் கொடிய விலைக்குக் கற்பித்தது. 2020 ஜூன் 1 அன்று, இணையவழி வகுப்புகள் தொடங்கிய நாளிலேயே, கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது, திறன்பேசி இல்லை. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில் நிகழ்ந்தது இது. அடுத்த ஆண்டு ஜீன் திரேஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த குடும்பங்களிடையே நடத்திய கள ஆய்வில், கிராமப்புறத் தலித், பழங்குடிக் குழந்தைகளுள் முறையாக இணையவழியில் படித்தவர்கள் 4 விழுக்காட்டினர் மட்டுமே என்று தெரியவந்தது. அதே கிராமப்புறங்களில் பிற குழந்தைகளிடையே இது 15 விழுக்காடு. வசதி குறைந்தோரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அவர்களுக்குள் சாதி இவ்வளவு பெரிய கோடு கிழித்திருந்தது.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் ஓரளவு கைகொடுத்தது. 2006க்குப் பின் வழங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஏழை வீடுகளுக்குள்ளும் வந்திருந்ததே அதற்குக் காரணம். எனினும் தொலைக்காட்சி பேசும். குழந்தையின் கேள்வியைக் கேட்காது. பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது இழப்பு எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தது.

அந்த இழப்பை மீட்டதில் பெரும்பங்கு ஆற்றியது மனித உழைப்பு. 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் தத்தம் குடியிருப்பிலேயே மாலை வகுப்பு நடத்தினர். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். தமிழ்நாட்டின் ஊரகக் குழந்தைகள் சுமார் 19,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டதாகவும், அம்மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இத்திட்டத்தால் நேர்ந்தது என்றும் மதிப்பிட்டது. திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் அமர்ந்து ஒரு பெண் பெயர் சொல்லி அழைத்துக் கற்பித்ததன் விளைவு அது.

குழந்தையின் கணினியும் பள்ளியின் திரையும்

கருவியை வழங்குவதில் தமிழ்நாடு இதுவரை இரு வழிகளைக் கையாண்டுள்ளது. முதல் வழி, கருவியைக் குழந்தையின் கையில் கொடுப்பது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குச் சுமார் 50 லட்சம் கணினிகளை வழங்கியது. பின்னர் அது நின்றுபோனது. 2025 மார்ச்சில் அளிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பள்ளி மாணவர்கள் இதில் இல்லை.

இரண்டாம் வழி, கருவியைப் பள்ளியிடம் கொடுப்பது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. அவற்றைத் திறன்பேசியால் நுகர்ந்தால் பாடம் தொடர்பான காணொளி திறக்கும். அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கென 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கென 79,723 கைக்கணினிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடக் கருத்துகளைக் காணொளிகளாகத் தரும் 'மணற்கேணி' செயலி 2023 ஜூலையில் வெளியிடப்பட்டது.

இவ்விரு வழிகளும் தலித் குழந்தைக்கு வெவ்வேறு பொருள் தருபவை. மடிக்கணினி அவளுடைய சொத்து. யாருடைய இசைவையும் கேட்காமல் அவள் அதைத் திறக்கலாம். ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் அமர்ந்து படிக்க இடமில்லை. பழுதானால் சரிசெய்யப் பணமில்லை. இணையத்திற்குத் தனிச் செலவு. இத்தொழில்தடத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வீட்டிலிருக்கும் ஒரே திறன்பேசி, ஷிப்டுக்குச் செல்லும் தந்தையோடு போய்விடுகிறது. அவர் திரும்பும் நேரத்தில் குழந்தை உறங்கியிருக்கும். திரும்பினாலும் அது முதலில் அண்ணனின் கைக்குப் போகிறது. தங்கையின் முறை கடைசியில் வருகிறது.

பள்ளித் திரையோ பொதுச் சொத்து. செலவும் பராமரிப்பும் அரசினுடையவை. ஆனால் அதன் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. ஆய்வகம் எப்போது திறக்கும், விசைப்பலகையை யார் தொடுவர், யார் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பர் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். பொதுக்கிணற்றின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மணற்கேணி என்னும் பெயர் திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் வரும் உவமை: தோண்டத் தோண்ட ஊறும் மணற்கிணறு. அழகிய உவமைதான். ஆனால் நம் மக்களின் நினைவில், கிணற்றில் நீர் ஊறுகிறதா என்ற கேள்விக்கு முன்னே, இறைக்க விடுவார்களா என்ற கேள்வி நிற்கிறது. அம்பேத்கர் 1927இல் மகத் குளத்தில் நீர் அள்ளியதும் அதற்காகவே.

திரைக்கு முன்னும் சாதி உண்டு

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், அதே பள்ளி மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வகுப்பறையில் மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. யார் எங்கே அமர்கிறார் என்பதிலும் சாதி செயல்படுகிறது என்பதை ஏற்றுக்கொண்ட பரிந்துரை இது. கணினி ஆய்வகத்தில் இதன் தேவை இன்னும் கூடுதல். இரண்டு மூன்று மாணவர்கள் ஒரு கணினியைப் பகிரும்போது, வீட்டில் கணினி உள்ள மாணவன் சுட்டியைப் பிடித்துக்கொள்கிறான். இல்லாத மாணவி பார்வையாளராகிறாள். எவரும் தீண்டாமை கடைப்பிடிக்க எண்ணாத வகுப்பிலும் இது நேரும். ஆகவே முறைவைத்துக் கைமாற்றுவது ஆசிரியரின் நல்லெண்ணத்திற்கு விடப்படாமல் விதியாக வேண்டும்.

அடுத்தது, திரையில் தெரியும் உலகம் யாருடையது என்ற கேள்வி. காணொளியில் வரும் வீடு, உணவு, திருவிழா, தந்தையின் தொழில் ஆகியவற்றில் தன் தெருவை ஒருபோதும் காணாத குழந்தை, அறிவு என்பது வேறிடத்தில் இருப்பது என்று முடிவு செய்துகொள்ளும். ஒலி அதிர்வைக் கற்பிக்கப் பறையைவிடப் பொருத்தமான கருவி எது? தோலை நெருப்பில் காய்ச்சும்போது சுருதி ஏன் உயர்கிறது என்பது இயற்பியல் கேள்வி. அதற்கு விடை சொல்லும் காணொளி, அறிவியலைக் கற்பிப்பதோடு ஒரு கலைஞரின் அறிவையும் வகுப்பறைக்குள் அமர்த்தும்.

மொழியும் கவனிக்கப்பட வேண்டும். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய நகரம் இது. இதன் சுற்றுப்புறப் பள்ளிகளில் தமிழ்க் குழந்தைகளோடு ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகளும் படிக்கிறார்கள். தாய்மொழியில் விளக்கம் கேட்டுவிட்டுத் தமிழ்ப் பாடத்திற்கு வர அவர்களுக்கு மின்வழிப் பாடங்கள் உதவும். அதே வேளையில், ஆங்கிலக் காணொளியைத் தமிழ்வழி மாணவர்முன் ஓட்டிவிட்டு 'நவீனக் கற்பித்தல்' என்று பதிவேட்டில் எழுதுவது, அம்மாணவரை இருமுறை வெளியேற்றுவதாகும்.

ஒரே ஒரு திறன்பேசி இருந்தாலும்

நல்ல பல்லூடகக் கற்பித்தலுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆசிரியரின் ஒரு திறன்பேசியும் சிறிய ஒலிபெருக்கியும் போதும். இணையம் கிடைக்கும் இடத்தில் காணொளியைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணைப்புத் தேவையில்லை. மூன்று நிமிடக் காணொளி, ஐந்து நிமிடக் கலந்துரையாடல், பத்து நிமிட எழுத்துப்பணி என்ற அளவு, நாற்பது நிமிடக் காணொளியைவிடப் பயன் தரும்.

குழந்தைகள் பார்ப்பவர்களாக மட்டும் இல்லாமல் உருவாக்குபவர்களாகவும் ஆக வேண்டும். பாட்டியிடம் பேட்டி கண்டு, தங்கள் ஏரி எங்கிருந்தது, எப்போது மறைந்தது என்று ஒலிப்பதிவு செய்யலாம். தெருவின் குடிநீர்க் குழாய்களையும் விளக்குகளையும் வரைபடத்தில் குறிக்கலாம். எந்தப் பகுதியில் எத்தனை என்று எண்ணி அட்டவணையாக்கலாம். வரலாறு, புவியியல், கணிதம் மூன்றும் அதில் அடங்கும். தங்கள் தெருவுக்கு மட்டும் விளக்கு குறைவு என்று குழந்தையே எண்ணிக் கண்டுபிடிக்கும்போது, அரசியலறிவும் சேர்ந்து பிறக்கும்.

இத்தடத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. தலைமுறைக்கு வேலை என்று நம்பப்பட்ட கதவு ஓர் அறிவிப்பில் மூடியது. ஒரு வரிசையில் ஒரு பொருத்துவேலையை மட்டும் அறிந்தவருக்கு அடுத்த கதவைத் திறப்பது கடினம். கணினியைப் பொத்தானை அழுத்தும் பழக்கமாக மட்டும் கற்பித்தால், இன்றைய ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளை நாளைய ஒப்பந்தத் தொழிலாளராகவே ஆவார். நிரல் எழுதவும், தரவைப் படிக்கவும், திரையில் காட்டப்படுவதை ஐயுறவும் கற்பித்தால் அவருக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடைக்கும்.

நாம் கேட்க வேண்டியவை

திறன்மிகு வகுப்பறை திறக்கப்பட்ட செய்தியோடு நம் கண்காணிப்பு முடிந்துவிடக் கூடாது. கேள்விகள் அதன் பிறகே தொடங்குகின்றன.

ஒன்று: கருவிகள் எத்தனை, அவற்றுள் இயங்குபவை எத்தனை, ஒவ்வொரு வகுப்பும் வாரத்திற்கு எத்தனை மணிநேரம் பயன்படுத்துகிறது? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதை எவரும் கேட்கலாம்.

இரண்டு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இருக்கின்றனரா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசார இடம் உண்டு. ஆய்வகத்தின் நேர அட்டவணையும் பழுதுநீக்கமும் அக்குழுவின் கூட்டத்தில் பேசப்பட வேண்டியவை.

மூன்று: ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு உரிய பங்கு வந்துள்ளதா? தமிழ்நாட்டில் இத்தகைய பள்ளிகள் 1,138 உள்ளன. இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது, தலித் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. இணைப்பு குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எந்தத் துறையின் பலகை தொங்கினாலும், அப்பள்ளியின் குழந்தைக்கும் விடுதி மாணவருக்கும் அதே கருவி, அதே வேகத்தில் கிடைக்க வேண்டும் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

நான்கு: பள்ளி நேரத்திற்குப் பின் என்ன? ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்ட நிதியை ஒதுக்கவும் முறையாகச் செலவிடவும் 2024இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. ஒவ்வொரு காலனியிலும் மின்சாரம், இணையம், சில கணினிகள், பயிற்சி பெற்ற, உரிய ஊதியம் பெறும் ஒரு கற்பிப்பாளர் ஆகியவற்றைக் கொண்ட மாலைநேரப் படிப்பகம் அமைக்க அந்நிதியைக் கோரலாம். இதில் நான்காவதாகச் சொல்லப்பட்ட கற்பிப்பாளரை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் வாங்கினால், அவை விரைவில் தூசி படியும்.

கல்லூரி மாணவர்களும் இதில் பங்கேற்கலாம். உங்கள் பகுதிப் பள்ளியின் ஒரு பாடத்தை எடுத்து, உங்கள் தெருவின் எடுத்துக்காட்டுகளோடு மூன்று நிமிடத் தமிழ்க் காணொளியாக்குங்கள். வாரம் ஒரு மாலை படிப்பகத்தில் அமர்ந்து, சுட்டி யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள்.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டு பஞ்சமி நிலத்திற்கான ஆணை வந்தது. ஆணை வந்தும் நிலம் எவ்வாறு கைமாறிப் போனது என்பது நாம் அறிந்த வரலாறு. வழங்கப்பட்டது என்று ஏட்டில் இருப்பதும், நம் கையில் இருப்பதும் ஒன்றல்ல என்று நிலம் நமக்குக் கற்பித்தது. திரைகளும் கணினிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடக் கூடாது. மணி அடிக்கும்வரை வெளியே நிற்கும் குழந்தை இனி எந்த வகுப்பறையிலும் இருக்கலாகாது. கணினி அறையின் வாசலிலும் இருக்கலாகாது.